படி ஏறினால் வருகிறதா, சாப்பிட்டால் வருகிறதா?

“அரகலேதா அம்மா?”

இரண்டு வருஷ காலம் எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததும் என் காதில் விழுந்த முதல் கேள்வி இதுதான். கேட்பவர் என் மாமியார். நகரியில் பிறந்து திருத்தணிக்கு வாழ்க்கைப்பட்டவர். ராத்திரி சாப்பிட்டது ஜீரணமாகவில்லையா என்று அவர் தெலுங்கில் கேட்பார். “இல்லை அத்தே” என்று நான் தமிழில் சொல்வேன். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. 1960-ல் எல்லைக்கோடு போட்டபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. நகரியும் புத்தூரும் அந்தப் பக்கம் இருந்துவிட்டன. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும், ஆவக்காய் ஜாடியும் கோங்குராக் கட்டும் எந்தக் கோட்டையும் பார்ப்பதில்லை.

எனக்கு என்ன தொந்தரவு என்று சொல்லிவிடுகிறேன். படிக்கும் சகோதரிகளில் பலர் “அட, எனக்கும் இதேதான்!” என்று சொல்லக்கூடும். இரண்டு இட்லி சாப்பிட்டால் கல்யாண விருந்து சாப்பிட்ட மாதிரி வயிறு திம்மென்று ஆகிவிடும். நெஞ்செலும்பு முடிகிற இடத்துக்கும் தொப்புளுக்கும் நடுவில் ஒரு கல்லை வைத்துக் கட்டினாற்போல் இருக்கும். ஏப்பம் வரும், சுகம் வராது. சில நாள் குமட்டல், சில நாள் அதே இடத்தில் எரிச்சல். காலையில் சாப்பிட்ட உப்புமா சாயங்காலம் விளக்கேற்றும்போதும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அப்போது எனக்கு வயது 36. பெரியவள் ஏழாம் வகுப்பு, சின்னவன் மூன்றாம் வகுப்பு.

வயிற்றுக் கோளாறு என்று வாயைத் திறந்தால் போதும், தெருவில் உள்ள அத்தனை பேரும் வைத்தியர்கள் ஆகிவிடுகிறார்கள்! எதிர்வீட்டு அக்கா ஓமவாட்டர் கொண்டு வந்தார். அம்மா அங்காயப் பொடி இடித்து அனுப்பினாள். மாமியார் பெருங்காயத்தைப் பொரித்து மோரில் போட்டுக் கொடுத்தார். இவர் ஆபீஸிலிருந்து வரும்போது மருந்துக்கடையில் ‘காஸ் மாத்திரை’ என்று கேட்டு வாங்கி வருவார். பக்கத்துக் கடையில் கோலி சோடா. அதைக் குடித்தால் பெரிதாக ஒரு ஏப்பம் வரும், ‘ஆச்சு, ஜீரணமாயிடுத்து’ என்று தோன்றும். பிற்பாடு டாக்டர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “சோடாவுல இருந்த காத்து வெளிய வந்தது. நீ சாப்பிட்ட சோறு அங்கேயேதான் இருக்கு.”

ஓமம், சீரகம், இஞ்சி இவற்றை நான் குறை சொல்லவில்லை. இஞ்சி இரைப்பையைச் சற்று வேகமாகக் காலி செய்கிறது என்று ஆராய்ச்சியாளர்களே கண்டிருக்கிறார்கள். அளவாகச் சாப்பிட்டால் கெடுதல் இல்லை. கெடுதல் வேறு இடத்தில் இருந்தது. ஒவ்வொரு வைத்தியமும் இரண்டு நாள் கேட்கும், மூன்றாம் நாள் பழைய கதை. உடனே அடுத்தது. இப்படியே மாதங்கள் ஓடிவிட்டன. இதற்கு நடுவில் நானாகவே பத்தியமும் ஆரம்பித்தேன். முதலில் உருளைக்கிழங்கு போயிற்று. பிறகு துவரம்பருப்பு, கத்தரிக்காய், பால், தயிர். கடைசியில் புழுங்கலரிசிக் கஞ்சியும் உப்பு நார்த்தங்காயும்தான் மிச்சம். நாலு கிலோ இறங்கிவிட்டேன். ரவிக்கையெல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது.

யாரிடமும் சொல்லாத பயம் ஒன்று இருந்தது. என் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் போனவர். பொதட்டூர்பேட்டையில் தறி போட்டுக்கொண்டிருந்தார். ‘வாயு, வாயு’ என்று சொல்லி ஒரு வருஷம் சோடா உப்பைக் கரைத்துக் குடித்தே காலம் தள்ளினார். டாக்டரிடம் போனபோது காலம் கடந்துவிட்டது. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு நான் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். எங்காவது கட்டி தட்டுப்படுகிறதா என்று. பக்கத்தில் குழந்தைகள் தூங்குவதைப் பார்த்தால் அடிவயிறு பகீரென்னும். பயத்தில் என்ன செய்வோம், உடனே டாக்டரிடம் ஓடுவோம் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. பயந்தவள் டாக்டரிடம் போக மாட்டாள். அவர் ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால்?

கடைசியில் என்னை இழுத்துக்கொண்டு போனவர் மாமியார்தான்.

டாக்டர் அம்மா கேட்ட முதல் கேள்வி

எங்கள் டாக்டர் அம்மா வயதானவர். நாக்கை நீட்டச் சொல்லவில்லை, வயிற்றைத் தொடவில்லை. முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“உனக்குப் படி ஏறினா வருதா, சாப்பிட்டா வருதா?”

திருத்தணிக்கு வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். எங்கள் முருகன் கோயிலுக்கு 365 படிகள், வருஷத்தின் நாளுக்கு ஒன்றாக. இன்றைக்குக் காரும் பஸ்ஸும் மேலே வரை போகின்றன. இருந்தாலும் கிருத்திகைக்குப் படி ஏறுவது என்று வேண்டிக்கொண்டவர்கள் ஊரில் நிறைய. டிசம்பர் 31 ராத்திரி படித்திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏற்றித் திருப்புகழ் பாடிக்கொண்டு போவார்கள்.

“சாப்பிட்டாத்தான் டாக்டர். படி ஏறும்போது ஒண்ணும் இல்லே” என்றேன்.

“நல்லது” என்று சொல்லி எழுதிக்கொண்டார். அந்தக் கேள்வியின் அருமை எனக்கு அப்போது தெரியவில்லை. ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியம்மா, அறுபது வயது இருக்கும். மாதாமாதம் கிருத்திகைக்குப் படி ஏறுவார். நூறு படி தாண்டினதும் நெஞ்சுக்குழியில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்குமாம். மண்டபத்தில் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும். ஒரு ஏப்பம் விட்டுவிட்டு, “வாயுதான், போயிடுத்து” என்று மேலே ஏறிப் போவார். ஒரு தடவை நான் கூடவே போயிருந்தேன். அவர் உட்கார்ந்ததும் டாக்டர் அம்மாவின் கேள்வி சட்டென்று ஞாபகம் வந்தது. கையைப் பிடித்துக் கீழே அழைத்து வந்துவிட்டேன். மறுநாள் ஈ.சி.ஜி., அதற்கப்புறம் சென்னை, ஆஞ்சியோகிராம், ஸ்டென்ட். வயிறு அல்ல, இருதயம்!

உழைக்கும்போது வந்து, உட்கார்ந்தால் போகிற நெஞ்சுக்குழி அடைப்பை ‘காஸ்’ என்று தள்ளக் கூடாது. பெண்களுக்கு மாரடைப்பு சினிமாவில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் வரும் என்பதில்லை. குமட்டல், மேல் வயிற்றுச் சங்கடம், வியர்வை, தாடை வலி, முதுகு வலி, சொல்லத் தெரியாத அசதி, இப்படியும் வரும். திடீரென்று இப்படி வந்தால் சோடாவுக்கு ஆள் அனுப்பாதீர்கள், 108-க்குப் போன் செய்யுங்கள்.

டாக்டர் அம்மா அடுத்தடுத்துக் கேட்டவை இவை. விழுங்கும்போது அடைக்கிறதா? வாந்தி ஓயாமல் வருகிறதா? வாந்தியில் ரத்தமோ காப்பித்தூள் மாதிரியோ தெரிகிறதா? மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா? காரணமில்லாமல் எடை குறைகிறதா? ரத்தசோகை இருக்கிறதா? கண் மஞ்சளாகிறதா? பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள் யாருக்காவது வயிற்றில் புற்று வந்ததா? இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தை ஓரம் கட்டிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். நடுத்தர வயதைத் தாண்டின பிறகு புதிதாக ஆரம்பித்த அஜீரணமும் அப்படித்தான்.

பிறகு வீட்டில் இருக்கிற மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொன்னார். முழங்கால் வலிக்கும் மாதவிலக்கு வலிக்கும் நாம் வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் பல இரைப்பையைப் புண்ணாக்கக் கூடியவை. என் பையில் அப்படி எதுவும் இல்லை. ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்தார். பித்தப்பையில் கல் இருந்தால் எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொண்டு முதுகு வரை போகுமாம். அதற்காக ஒரு ஸ்கேன். எல்லாம் நார்மல். ஆனால் அப்பாவின் கதையைக் கேட்டதும், எடை இறங்கினதையும் சேர்த்துப் பார்த்து, “ஒரு எண்டோஸ்கோபி பண்ணிடலாம். உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி” என்றார்.

இங்கே இளம் தாய்மார்களுக்காக ஒரு விஷயம், கதைக்கு நடுவிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பகாலத்தில் எதுக்களிப்பதும் வயிறு திம்மென்று இருப்பதும் சகஜம். ஹார்மோன் மாறுதலால் உணவுக்குழாயின் வாய் தளர்ந்துபோகும், கர்ப்பப்பையும் மேலே தள்ளும். ஆனால் ஐந்து மாதத்துக்கு மேல், மேல் வயிற்றில் வலியோடு கடுமையான தலைவலி, கண் மங்கல், முகத்திலும் கையிலும் வீக்கம் இருந்தால் அது அஜீரணம் இல்லை. ரத்தக் கொதிப்பு ஏறியிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்னொன்று, சத்து மாத்திரையாகக் கொடுக்கும் இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டலாம், மலமும் கறுப்பாகப் போகலாம். அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாமா, ராத்திரி போட்டுக்கொள்ளலாமா என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காப்பி, டீயோடு சேர்த்து மட்டும் போடாதீர்கள்.

‘ஒன்றுமில்லை’

மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போனோம். எண்டோஸ்கோபி என்றால் எனக்குக் குலைநடுக்கம். உண்மையில் அது பத்து நிமிஷ வேலைகூட இல்லை. முதல் நாள் ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடக் கூடாது. தொண்டையில் ஒரு மருந்து அடிப்பார்கள், மரத்துப்போகும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். விரல் கனத்துக்குக் குழாய் உள்ளே போகும்போது ஓங்கரிக்கும். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே இருந்தால் தாங்கிக்கொள்ளலாம். எனக்குப் பிரசவமே தேவலை என்றெல்லாம் இல்லை!

“உங்க வயிறு கண்ணாடி மாதிரி இருக்கும்மா. புண் இல்லே, கட்டி இல்லே. ஒண்ணுமில்லே” என்றார் பரிசோதனை செய்தவர்.

அன்று ரயிலில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கிற மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவரும் இரண்டு வருஷமாக அப்பாவை நினைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்குத்தான் தெரியாது.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் அதே கல், அதே குமட்டல். இப்போது கூடவே ஒரு புதுத் தொல்லை. “அதான் ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டாங்களே! எல்லாம் மனசுதான்” என்று சொந்தக்காரர்கள் ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு பெரியம்மா இன்னும் ஒரு படி மேலே போய், “வேலைக்குப் பயந்துக்கிட்டு” என்று சொன்னது என் காதில் விழுந்தது. நோய் இருக்கிறது என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை போல் இருந்தது.

“ஒண்ணுமில்லேன்னா எனக்கு ஏன் டாக்டர் வலிக்குது?” என்று டாக்டர் அம்மாவிடம் போய் அழுதேன்.

“யார் சொன்னது ஒண்ணுமில்லேன்னு? இதுக்குப் பேர் இருக்கு. ஃபங்ஷனல் டிஸ்பெப்ஸியா” என்றார். காகிதத்தில் தமிழிலும் எழுதிக் கொடுத்தார்: செயல்பாட்டு அஜீரணம். அவர் விளக்கினதை நான் சமையலறை பாஷையில் சொல்கிறேன். இரைப்பையின் மேல் பாகம் ஒரு ஸ்டோர் ரூம், கீழ்ப் பாகம் ஒரு கிரைண்டர். சாப்பாடு வந்ததும் மேல் பாகம் தளர்ந்து, விருந்தாளிக்கு நகர்ந்து இடம் விடுகிற மாதிரி இடம் விட வேண்டும். சிலருக்கு அது தளர்வதில்லை. இரண்டு வாய் போனதுமே நிரம்பிவிட்ட மாதிரி இருக்கும். சிலருக்குக் கிரைண்டர் மெதுவாக ஓடுகிறது, சாப்பாடு கீழே இறங்கத் தாமதமாகிறது. சிலருக்கு இரண்டும் சரியாகவே இருந்தாலும் வயிற்று நரம்புகள் கூருணர்ச்சி பிடித்துப்போய், மற்றவர்கள் கவனிக்காமலே விட்டுவிடுகிற சாதாரண அசைவைக்கூட வலியாக மூளைக்குச் சொல்லுகின்றன. எண்டோஸ்கோபி சுவரின் நிறத்தைக் காட்டும், புண்ணைக் காட்டும். கிரைண்டர் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று காட்டாது. கழுவிக் கவிழ்த்த கிரைண்டரைப் பார்த்து அது நன்றாக அரைக்கும் என்று சொல்ல முடியுமா?

உலகம் பூராவும் உள்ள குடல் மருத்துவர்கள் கூடிப் பேசி இந்த மாதிரி வியாதிகளுக்கு ‘ரோம் விதிகள்’ என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். நான்காம் திருத்தம் 2016-ல் வந்தது. தொந்தரவு ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று மாதம் விடாமல் இருந்திருக்க வேண்டும், பரிசோதனையில் வேறு காரணம் தென்படக் கூடாது. அப்போதுதான் இந்தப் பெயர். சாப்பிட்டதும் நிரம்பிப்போவது ஒரு ரகம், மேல் வயிற்று வலியும் எரிச்சலும் இன்னொரு ரகம். எனக்கு முதல் ரகம், கொஞ்சம் இரண்டாவதும் கலந்து. எண்டோஸ்கோபி செய்துகொள்ளும் அஜீரணக்காரர்களில் பெரும்பாலோர் இந்தக் கூட்டம்தானாம். பெண்கள்தான் சற்று அதிகம்.

“அப்போ மனசு காரணம் இல்லையா?” என்றேன்.

“மனசும் வயிறும் ஒரே லைன்ல இருக்கிற ரெண்டு டெலிபோன். யார் பேசினாலும் ரெண்டு பக்கமும் கேக்கும்” என்றார். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1822-ல் அமெரிக்காவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனுக்கு வயிற்றில் குண்டு பாய்ந்தது. உயிர் பிழைத்தான், ஆனால் இரைப்பைக்குள் போகும் துவாரம் மூடவே இல்லை. அவனுக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் போமான்ட் என்ற ராணுவ டாக்டர், பட்டு நூலில் உணவுத் துண்டுகளைக் கட்டி அந்தத் துவாரம் வழியாக உள்ளே விட்டு, எது எவ்வளவு நேரத்தில் ஜீரணமாகிறது என்று வருஷக்கணக்கில் பார்த்து 1833-ல் புத்தகம் போட்டார். அவன் கோபப்பட்ட நாட்களில் ஜீரணம் மாறுவதைக் கண்ணாலேயே பார்த்தார். (பாவம், யாருக்குத்தான் கோபம் வராது, தினமும் வயிற்றில் நூல் விட்டால்!) ஆகவே ‘மனசு’ என்றால் ‘பொய்’ என்று அர்த்தம் இல்லை. எங்கள் திருத்தணியில் முதல் கீர்த்தனையைப் பாடிய முத்துசுவாமி தீட்சிதரின் சிஷ்யர் தம்பியப்பனுக்குத் தீராத வயிற்றுவலி என்றும், அவருக்காகவே குரு கிரகத்தின் மேல் கீர்த்தனை பாடிக் கொடுத்தார் என்றும் சங்கீத உலகில் வழிவழியாகச் சொல்வார்கள். காரணம் தெரியாத வயிற்றுவலி நம்மோடு பிறந்ததில்லை.

கிருமியும் மாத்திரையும்

ஹெலிகோபேக்டர் பைலோரி என்று ஒரு கிருமி. இரைப்பை அமிலத்தில் எதுவும் உயிர் வாழாது என்று உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள் அங்கே இந்தக் கிருமி குடியிருக்கிறது என்றார்கள். யாரும் நம்பவில்லை. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமியையே வளர்த்துக் குடித்து, வயிற்று அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. நம் நாட்டில் இது வெகு சகஜம். மூச்சுப் பரிசோதனையிலோ, மலப் பரிசோதனையிலோ, எண்டோஸ்கோபியின்போது எடுக்கும் சிறு சதைத் துணுக்கிலோ தெரிந்துவிடும். இருந்தால் இரண்டு விதமான ஆன்டிபயாடிக்கோடு அமிலம் குறைக்கும் மாத்திரையும் சேர்த்துப் பதினான்கு நாள் விடாமல் சாப்பிட வேண்டும். நாலு நாளில் நிறுத்தினால் கிருமிக்குத்தான் லாபம். கிருமி போனதும் சிலருக்கு அஜீரணம் அடியோடு போய்விடும், எல்லோருக்கும் அல்ல. அமில மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பரிசோதனை செய்தால் கிருமி ஒளிந்துகொள்ளும். அதனால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்.

எனக்குக் கிருமி இல்லை. ஏமாற்றமாகக்கூட இருந்தது!

அமிலம் குறைக்கும் மாத்திரையை ஆறு வாரம் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட்டேன். எரிச்சல் நின்றது, கல் நகரவில்லை. “கேட்காத மாத்திரையை ஆயுசு பூரா முழுங்கக் கூடாது” என்று டாக்டர் அம்மா நிறுத்திவிட்டார். கடையில் தாங்களாக வாங்கி வருஷக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிறகு, ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, “இது மனநோய்க்குக் கொடுக்கிறது, யாருக்குக்கா?” என்றான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. வாங்கி வந்த மாத்திரையை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு, சாப்பிட்டதாகப் பொய் சொன்னேன், மூன்று வாரம்.

நான் சாப்பிடவில்லை என்று டாக்டர் அம்மாவே கண்டுபிடித்தார். “வாய் உலருதா?” என்று கேட்டார். “இல்லையே” என்றேன். “அப்போ நீ சாப்பிடலை” என்றார்! அந்த மாத்திரையை மனச்சோர்வுக்குக் கொடுக்கும்போது அளவு பல மடங்கு. இவ்வளவு குறைந்த அளவில் அது வயிற்று நரம்புகளின் கூச்சலை அடக்குவதற்கு. வேலை செய்ய மூன்று நான்கு வாரம் ஆகும், கொஞ்சம் தூக்கம் வரும், வாய் உலரும். ஆறு மாதம் சாப்பிட்டேன், பிறகு சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்தினோம். இதை அவரவர் டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். இருதயக் கோளாறோ வேறு மாத்திரைகளோ இருந்தால் ஒத்துக்கொள்ளாது. கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

சின்னவனின் ரஃப் நோட்டு

மாத்திரை பாதி. மீதிப் பாதி ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது.

“ரெண்டு வாரம் என்ன சாப்பிட்டே, எத்தனை மணிக்கு, அப்புறம் வயிறு எப்படி இருந்ததுன்னு எழுதிக்கிட்டு வா. அதுவரை எந்தக் காயையும் தள்ளாதே” என்றார் டாக்டர் அம்மா. சின்னவனின் பழைய ரஃப் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் கோடு போட்டு எழுதினேன். குற்றவாளி ஆவக்காய்தான் என்று எனக்கு நிச்சயம். அதை மட்டும் சிவப்பு மையில் எழுதி வைத்தேன்!

அவர் ‘என்ன சாப்பிட்டேன்’ என்ற பத்தியைப் பார்க்கவே இல்லை. மணியைத்தான் பார்த்தார். காலை ஐந்தரைக்குக் காப்பி, ஏழரைக்கு இன்னொரு காப்பி. குழந்தைகள், இவர், மாமனார் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு நான் டிபன் சாப்பிட்டது பதினொன்றே கால். அதுவும் நின்றுகொண்டே, ஆறிப்போன இரண்டு தோசையும் சின்னவன் வைத்துவிட்டுப் போன மிச்சமும். மத்தியானச் சாப்பாடு மூன்று மணி. ராத்திரி பாத்திரம் ஒழித்துப் பத்தேகாலுக்குச் சாப்பிட்டு, பத்தரைக்குப் படுக்கை.

“ஏம்மா, உன் வீட்ல சோத்துக்குப் பஞ்சமா?” என்றார்.

நான் சிரித்தேன். ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அந்த மாதமே பொதட்டூர்பேட்டைக்கு அம்மா வீட்டுக்குப் பத்து நாள் போனேன். நோட்டும் கூடவே வந்தது. அம்மா எட்டு மணிக்கு மணை போட்டு உட்கார வைத்துவிடுவாள். பன்னிரண்டரைக்குச் சோறு. ராத்திரி எட்டுக்குள் முடிந்துவிடும். அப்புறம் விசைத்தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தெருவில் கொஞ்ச நேரம் நடப்போம். பத்து நாளும் சோற்றோடு ஆவக்காய் இருந்தது. வயிறு பத்தில் எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை. கெட்ட இரண்டு நாளில் ஒன்று பூரி மசால். இன்னொன்று பாகத்தைப் பற்றி அண்ணன் பேச்சை எடுத்த நாள்.

எண்ணெய்ப் பண்டம் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், அதனால் பூரி சரி. காரம் சிலருக்கு வயிற்று நரம்பைச் சுண்டிவிடும். உங்கள் நோட்டில் மிளகாய் வந்தால் அதைக் குறையுங்கள். என் நோட்டில் வரவில்லை, அவ்வளவுதான். அவரவர் வயிறு அவரவர் நோட்டு.

திரும்பி வந்ததும் அடுக்களைக் கணக்கை மாற்ற வேண்டியிருந்தது. சொல்வது சுலபம். எட்டு மணிக்கு எல்லோரும் ஓடுகிற வேளையில் நான் மட்டும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் நன்றாக இருக்குமா? முதல் நாள் எனக்கே குற்றமாக இருந்தது. பாதி எழுந்தேன், தோசை திருப்ப. மாமியார் என் கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கிக்கொண்டார். “முந்து நுவ்வு தினு” என்றார். முதலில் நீ சாப்பிடு. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அந்த வார்த்தையை அந்த வீட்டில் நான் கேட்டது அன்றுதான். அவர் தன் மாமியாரிடம் எப்போதாவது கேட்டிருப்பாரா என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது ஒரே வேளையில் நிறையச் சாப்பிடாமல் நாலைந்து வேளையாகக் கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடுகிறேன். வெறும் வயிற்றுக் காப்பி ஒன்றோடு சரி. படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாடு முடிந்துவிடும். ஏப்பம் தொடர்ந்து வந்தால் வாயை மூடிக்கொண்டு, வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து விடுகிறேன். வலிய ஏப்பம் விடுகிறவர்கள் இன்னும் காற்றைத்தான் விழுங்குகிறார்கள். விட்டுப்போன பருப்பும் கத்தரிக்காயும் ஒவ்வொன்றாக வீடு திரும்பிவிட்டன. கிருத்திகை விரதம் உண்டு, ஆனால் ராத்திரி வரை பட்டினி கிடந்து வடை பாயசத்தோடு முடிக்கிற வழக்கத்தை விட்டு, நடுநடுவே பழமும் பாலும் எடுத்துக்கொள்கிறேன். மாமியார்தான் சொன்னார், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று.

தொந்தரவு அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. பெரியவள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதின மாதம் மறுபடி வந்தது. கல் வந்து உட்கார்ந்தது. பழைய நோட்டை எடுத்தேன். மூன்று வாரத்தில் போயிற்று. எண்டோஸ்கோபிக்கு ஓடவில்லை, ராத்திரி வயிற்றைத் தடவிப் பார்க்கவும் இல்லை. எடை மட்டும் மாதம் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். அப்பாவுக்காக.

போன மாதம் என் ஓரகத்தி வந்திருந்தாள். இரண்டாவது பிள்ளைக்கு ஒன்றரை வயது. இரண்டு இட்லியோடு தட்டைத் தள்ளினாள். “என்னன்னே தெரியலக்கா, மூணு மாசமா திம்முனு இருக்கு. காஸ்தான் போல” என்றாள். படி ஏறினால் வருகிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். வேறு சிலதும் கேட்டேன். டாக்டர் அம்மாவிடம் அழைத்துப் போனேன். திரும்பி வந்ததும் என் நோட்டில் பாக்கி எத்தனை பக்கம் இருக்கிறது என்று கேட்டாள். பதினெட்டு இருந்தது. கிழித்துக் கொடுத்தேன்.